ஒழுக்கமான மாப்பிள்ளை

என் அக்காவின் கணவர் ஸ்தனிஸ்லாஸ் பீடி பிடிக்க மாட்டார். சாராயக் கடை இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். செம்மநத்தத்துக்கு அப்பால் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை. பழம் பறிக்கும் பெண்களுக்கு ஆஜர் போடும்போதுகூட முகத்தைப் பார்க்காமல், குனிந்தபடியே பெயரைக் கேட்டு எழுதுவார் என்று ஊரே மெச்சும். ஞாயிறு பூசையில் பாட்டுக் குழுவின் முன்வரிசையில் நிற்பார். நல்ல குரல். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அப்பா அக்காவைக் கொடுத்தார்.

அவர் அக்காவை ரூல்தடியால் அடிப்பார். ரவிக்கையும் புடவையும் மறைக்கிற இடங்களில் மட்டும். அடிப்பதற்கு முன் ஜன்னலைச் சாத்துவார். அடித்து முடித்ததும் முழங்காலில் நிறுத்தி ஜெபம் சொல்லவைப்பார். குழம்பில் உப்பு கூடினதற்கு அடி, மாமியாருக்குப் பதில் சொன்னதற்கு அடி, பதில் சொல்லாமல் இருந்ததற்கும் அடி. மூன்று வருஷம் இப்படிப் போனது. ஒரு நாள் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்திலேயே நின்றார். காபி காயப்போடும் களத்தில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று அக்காவே டாக்டரிடம் சொன்னாள். வேறு என்ன சொல்வாள்? அப்புறம் மாவுக்கட்டோடு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை.

எங்கள் வீடு ஏற்காட்டுக்குச் சற்றுக் கீழே, எஸ்டேட் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லைனில். அப்பா ஞானசுந்தரம் அங்கே மேஸ்திரி. ஏன் வந்தாய் என்று அவர் அக்காவைக் கேட்கவில்லை. எப்போது போகிறாய் என்றுதான் கேட்டார். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் மாப்பிள்ளை ஒரு பை கமலா ஆரஞ்சோடு வந்து வாசலில் நிற்பார். உள்ளே வரமாட்டார், கோபப்படவும் மாட்டார். சாந்தாமேரி வருகிறாளா என்று லைன் முழுக்கக் கேட்கும்படி மரியாதையாகக் கேட்பார். அந்த மரியாதையைப் பார்த்து லைன் பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள். இப்படி ஒரு மனுஷனை விட்டு வந்தவள் என்ன பெண் என்று, எங்கள் காதில் விழுகிற தூரத்தில் நின்று பேசுவார்கள். கடைசியில் அப்பா அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். ஈஸ்டர் முடிந்த மறுநாள் வந்து கூட்டிப்போகலாம்.

அது எண்பத்தேழாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம். யூனியன் ஆபீஸ் ஹாலில் இலவச சட்ட உதவி முகாம் என்று ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அக்கா போக வேண்டும் என்றாள். அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா எங்களை அனுப்பினாள். அம்மாவோடு பழம் பறிக்க வரும், மலைவாழ் சனத்தைச் சேர்ந்த தலைச்சோலை அத்தாயி துணைக்கு வந்தாள்.

ஹால் நிறையக் கூட்டம். சேலத்திலிருந்து வந்த இளவயது வக்கீல் ஒருவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார். ஒருவரும் தனக்கென்று கேட்கவில்லை. சின்னையன் என்ற பெரியவர், பக்கத்து ஊரில் ஒருத்தருடைய ஆட்டை ஃபாரஸ்ட்காரர்கள் பிடித்துக்கொண்டு போனால் அவர் என்ன செய்யலாம் என்று கேட்டார். வக்கீல் பதில் சொல்லி முடித்ததும், அப்ப என் ஆடு திரும்பக் கிடைக்கும்ங்களா என்றார். ஹாலே சிரித்தது. இன்னொருவர் தன் சித்தப்பா வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரருக்காகப் பட்டா கேட்டார்.

அக்கா எழுந்து, "எனக்குத்தானுங்க" என்றுதான் ஆரம்பித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. மாவுக்கட்டுக் கையைக் காட்டி, இப்படி அடித்த புருஷனிடமிருந்து விடுதலை வாங்க முடியுமா என்று கேட்டாள்.

வக்கீல் முதலில் என்ன மதம் என்று கேட்டார். கிறிஸ்தவர்கள் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அடிச்சாருங்கறது மட்டும் போதாதும்மா. வேற பொம்பளையோட தொடர்பும் இருக்கணும். அது இருந்து, கூட அடியும் இருந்தா விவாகரத்து கேக்கலாம்."

"கையை ஒடிச்சாக்கூடங்களா?"

"ரெண்டு கையும் ஒடிச்சாலும் அதான். ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தொம்பதுல வெள்ளைக்காரன் போட்ட சட்டம். டெல்லியில மாத்துனாத்தான் உண்டு."

தனியாக இருக்கக் கோர்ட்டில் உத்தரவு வாங்கலாம், ஆனால் கல்யாணம் கல்யாணமாகத்தான் இருக்கும், மறுமணம் முடியாது, அதற்கும் அடியைப் பார்த்த சாட்சி வேண்டும் என்றார். சாத்தின ஜன்னலுக்கு வெளியே யார் சாட்சி? ஆஸ்பத்திரிச் சீட்டிலும் வழுக்கி விழுந்ததாகத்தான் இருக்கிறது, அதுவும் அவள் வாயாலேயே.

அத்தாயிக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, நான் என்ற மொதப் புருசன் அடிக்கறான், வேண்டாமுன்னு ஊர்ப் பெரியவங்களக் கூட்டி வெச்சு, வாங்குன பரிசப் பணத்தத் திருப்பிக் குடுத்துப்போட்டு வந்துட்டனுங்க. வெய்யில் எறங்கறதுக்குள்ள முடிஞ்சுது. இந்தப் புள்ளைக்கு மட்டும் என்னுங்க கேடு?"

உங்கள் சனத்துக்கு உங்கள் வழக்கமே செல்லும், இவர்களுக்கு அந்தச் சட்டம்தான் என்றார் வக்கீல். பாவம், அவருக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துத்தான் சொன்னார். அத்தாயியும் அக்காவும் ஒரே மலையில் ஒரே செடியில் பழம் பறிக்கிறவர்கள். வாங்கின அடியும் ஒரே அடிதான். எனக்கு யாரையாவது திட்ட வேண்டும்போல இருந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன எவனோ ஒரு வெள்ளைக்காரன், எங்கள் அக்காவுக்கு எவ்வளவு அடி போதாது என்று அளந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அக்கா இன்னொன்றும் கேட்டாள். "அவரு கேஸு போட்டா, அவருக்கும் ரெண்டு காரணம் வேணுமுங்களா?"

"இல்லம்மா. ஆம்பளைக்கு ஒண்ணு போதும். பொண்டாட்டி வேறொருத்தன்கூடப் போனான்னு காட்டிட்டா முடிஞ்சுது."

அக்கா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னோம். மறுநாள் காலையில் அவள் அந்தோணியார் படத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றி, ஒன்பது நாள் ஜெபமான நவநாள் ஆரம்பித்தாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோணியார். அம்மா முணுமுணுத்தது அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது. மாப்பிள்ளைக்கு எங்கேயாவது ஒரு வைப்பாட்டி இருக்க வேண்டும், அவளைக் கண்ணில் காட்டு என்று வேண்டிக்கொண்டிருந்தாள். மகளுக்கு நல்ல புருஷன் அமைய வேண்டும் என்று அதே படத்துக்கு முன்னால் நவநாள் சொன்னவளும் அவள்தான். கூடையை எடுத்துக்கொண்டு, முட்டை விற்கிற சாக்கில் செம்மநத்தம் பக்கமெல்லாம் சுற்றினாள். மாப்பிள்ளை யார் வீட்டுக்குப் போகிறார், எந்தப் பக்கம் ஒதுங்குகிறார் என்று சுற்றி வளைத்து விசாரித்தாள். போன இடத்திலெல்லாம், தங்கமான மனுஷன் என்ற ஒரே பதில்தான். உங்கள் மருமகன்போல ஒருவனை எங்களுக்கும் பாருங்கள் என்று ஒருத்தி முட்டைக்கு அதிகமாகவே காசு கொடுத்தாளாம். அம்மா வீட்டுக்கு வந்து அந்தக் காசைத் தரையில் எறிந்தாள்.

பஸ் நிற்குமிடத்தில் வள்ளி என்றொருத்தி இட்லிக் கடை வைத்திருந்தாள். புருஷன் இல்லாதவள். அவளைப் பற்றி ஊரில் நாலுவிதமாகப் பேசுவார்கள். கடைசி நம்பிக்கையாக அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு அவளிடம் போனாள். வள்ளி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அந்த ரைட்டருங்களா? காசைக்கூடக் கையில குடுக்க மாட்டாருங்க. பலகை மேல வெச்சுப்போட்டுத் தள்ளி நிப்பாரு, நான் என்னமோ தொட்டா ஒட்டிக்கற மாதிரி." பிறகு அக்காவின் கையைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டு, மாவு படிந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "வேணுமுன்னா நான் சொல்றேனுங்க. என்கூடத்தான் இருந்தாருன்னு கோர்ட்டுல வந்து சொல்றேன். என்ற பேருல புதுசாக் கெடறதுக்கு என்ன இருக்குது?"

அம்மாவின் முகம் மலர்ந்தது. அந்தோணியார் கண் திறந்துவிட்டார் என்றே நினைத்திருப்பாள். ஆனால் அக்கா வேண்டாம் என்றாள். எனக்காக நீங்கள் ஏன் கெட்டபேர் சுமக்க வேண்டும் என்று வள்ளியிடம் சொல்லிவிட்டு எழுந்தாள். திரும்பி நடக்கும்போது அம்மா வழி நெடுகத் திட்டினாள். கும்பிட்ட தெய்வம் கதவைத் திறந்துவிட்டால் எட்டி உதைக்கிறாயே என்றாள். அக்கா ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள்.

"கெடுத்துத்தான் ஆகோணும்னா, என்ற பேரு இருக்குதில்லம்மா."

என்ன சொல்கிறாள் என்று அன்றைக்கு எங்களுக்குப் புரியவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு வந்தது. பூசை முடிந்து எல்லாரும் கையில் ஓலையோடு கோவில் முற்றத்தில் நின்றோம். மாப்பிள்ளை பாட்டுக் குழுவோடு படியிறங்கி வந்தார். கூடவே அவருடைய அம்மா. ஈஸ்டர் முடிந்த மறுநாள் ஜீப் சொல்லியிருக்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அவர்களுக்கு எதிரே போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவள் பேச ஆரம்பித்ததும் முற்றம் தானாக அடங்கிவிட்டது.

"ஏனுங்க, நான் விடுதலை கேட்டா ரெண்டு காரணம் வேணுமாம், நீங்க கேட்டா ஒண்ணு போதுமாம். அந்த ஒண்ண நான் குடுக்கறனுங்க. நான் வேறொருத்தர்கூடப் போயிட்டேன். கோர்ட்டுல கேஸு போடுங்க."

அப்பாவின் கையிலிருந்த ஓலை கீழே விழுந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பூசை வைத்த சாமியார் படியிலேயே நின்றுவிட்டார். அது பொய் என்று எனக்குத் தெரியும். இரவும் பகலும் என் பக்கத்திலேயே இருந்தவள் அவள்.

மாப்பிள்ளைக்கும் தெரிந்துவிட்டது. அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. அவளையே பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனதை நான் பார்த்தேன். பிறகு பாட்டுக் குழுவில் பாடுகிற அதே குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஆண்டவரே பாவிகள மன்னிச்சாரு. நானும் மன்னிச்சுட்டேன் சாந்தா. ஊட்டுக்கு வா."

கூட்டத்தில் பெண்கள் அழுதார்கள். நிஜமாகவே அழுதார்கள். இப்படி ஒரு மனுஷன் உண்டா என்று ஒருத்தி சாமியாரிடமே கேட்டாள். மாப்பிள்ளை காலில் விழு என்று அப்பா அக்காவின் தோளைப் பிடித்து அழுத்தினார். கையில் இருந்த ஓலையை நான் நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தேன். அவள் தன் மானத்தையே கொண்டுவந்து காலடியில் வைத்தாள். அதையும் வாங்கிக்கொண்டு, மன்னிப்பு என்று பேர்வைத்து, அதே வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தப்போகிறார். அடிப்பதற்கு ஒரு ரூல்தடி போதும் அவருக்கு. இனிமேல் இந்த மன்னிப்பும் இருக்கும்.

அக்கா குனியவில்லை. "மன்னிக்கச் சொல்லி நான் கேக்கலைங்களே" என்றாள்.

அப்போதுதான் மாமியார் முன்னால் வந்தாள். "அவம் பேரு என்னடி?"

"கோர்ட்டுல கேட்டாச் சொல்றனுங்க அத்தை."

மாமியார் மண்ணில் காறித் துப்பினாள். மகன் பக்கம் திரும்பினாள். "நீ மன்னிச்சுக்க சாமி. உன் மனசு பெருசு. என் மனசு அத்தனை பெருசில்ல. இவ என்ற ஊட்டு வாசப்படி ஏறுனா, நான் அந்த நிமிசமே எறங்கிருவேன். எனக்கு மகனே இல்லைன்னு போயிருவேன்."

"அம்மா, அவ பொய் சொல்றா."

"பொய்யா? ஊரு முன்னால எந்தப் பொம்பளடா இப்பிடிப் பொய் சொல்லுவா?"

மாப்பிள்ளை, தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை என்று பேர் வாங்கினவர். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பேரை விட அவருக்கு மனசு வரவில்லை. அக்காவைப் பார்த்தார், தன் தாயைப் பார்த்தார். தாயின் பின்னால் நடந்து போய்விட்டார். போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ரூல்தடியை எடுக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று அக்கா சொன்னதில்லை. அன்றைக்கு நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை. அவர்கள் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் கேஸ் போடவில்லை. போடவும் மாட்டார். சட்டப்படி அக்கா இன்னும் அவர் மனைவிதான். அந்த வாரம் முழுவதும் லைன் குழாயில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைத் தள்ளிவைத்தார்கள். கோவிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அடி வாங்கினவள் என்றபோது வராத ஆத்திரமெல்லாம் இப்போது வந்துவிட்டது எல்லாருக்கும். ஆனால் போய் வாழு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அந்தப் பேச்சு மட்டும் அடியோடு நின்றுவிட்டது.

ஈஸ்டர் அன்று அம்மா ஆட்டுக்கறி எடுத்துக் குழம்பு வைத்தாள். அப்பா சாப்பிட உட்கார்ந்தார். அக்கா சோறு பரிமாறினாள். அவள் கைபட்டதை அவர் அந்த வாரம் முழுக்கத் தொடவில்லை. அன்றும் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் அப்பா சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் சாப்பிடுவோம்.

"நாளைக்கு ஜீப்பு வராதுங்கப்பா. நானும் எங்கயும் போகப்போறதில்ல. சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றாள் அக்கா.

அப்பா அசையவில்லை. அம்மா கண்ணால் சாடை காட்டி அவளை உள்ளே வரச் சொன்னாள். அக்கா தனக்கு ஒரு தட்டை எடுத்துச் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, அப்பாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். கட்டுப் பிரித்த கை இன்னும் சரியாக மடங்கவில்லை. விரல்களைக் கூட்டி மெதுவாகப் பிசைந்து சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் சட்டியை இழுத்து, இன்னும் இரண்டு துண்டு கறி போட்டுக்கொண்டாள்.