ஏழுமலைக்குப் படித்துக் காட்டாத பக்கம்

1

இந்தக் கதை என் பைக்கின் இன்ஜினிலிருந்து வந்தது. கதை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் எழுதுகிறவர்கள் மண், மனசு, மனிதர்கள் என்று பெரிதாக ஏதாவது சொல்வார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை வண்டியை சர்வீஸுக்கு விட்டேன். புத்தூரில் கடை வைத்திருக்கும் ஏழுமலை அண்ணன் ஆயில் மாற்றி, செயின் இறுக்கி, டாப்பெட் செட் செய்து, கழுவித் துடைத்துக் கொடுத்தார். மறுநாள் காலை ரேணிகுண்டா தாண்டுவதற்குள் இன்ஜினின் தலைப்பக்கத்தில் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் கிளம்பியது. சர்வீஸுக்கு முன்னால் அது இல்லை.

நான் கோவர்த்தனன். திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் வேலை. தினமும் புத்தூரிலிருந்து போய்வருகிறேன். ஒரு வாரம் அந்தச் சத்தத்தோடு குடும்பம் நடத்தினேன். யாராவது இரண்டு கால்களுக்கு நடுவில் தையல் மிஷினை வைத்து ஓட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "அதிகாலைப் பனி படர்ந்த நகரி மலைகளின் மூக்கு..." விட்டுவிட்டேன். மலைக்கும் டாப்பெட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இரண்டாவது: "ஏழுமலை ஒரு மெக்கானிக் அல்ல, அவர் ஒரு..." இதையும் விட்டேன். அவர் மெக்கானிக்தான். வயது ஐம்பத்திரண்டு. கடை போடுவதற்கு முன்னால் சித்தூர்ப் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் பதினோரு வருஷம் கல் அறுத்தவர். (இந்தத் தகவலை இங்கே சும்மா வைத்ததாக நினைக்க வேண்டாம். எனக்கே இது முக்கியம் என்று ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது.)

மூன்றாவது தொடக்கத்தைத்தான் நீங்கள் படித்தீர்கள்.

3

டாப்பெட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. இன்ஜின் மூச்சு வாங்க ஒரு வால்வு, மூச்சு விட ஒரு வால்வு. அவற்றைத் தட்டித் திறக்கும் கைக்கும் வால்வுக்கும் நடுவே தலைமுடி பருமனுக்கு ஓர் இடைவெளி வேண்டும். அதைத்தான் சர்வீஸில் சரிசெய்கிறார்கள். இடைவெளி கூடினால் சத்தம் வரும். அடியோடு இல்லாமல் போனால் வால்வு கெட்டுவிடும். இதை அளக்க மெல்லிய தகடு இருக்கிறது, ஃபில்லர் என்பார்கள். ஏழுமலை அண்ணன் கடையில் அது கிடையாது. அவர் காதாலேயே செட் செய்வார். சத்தம் கேட்கிற வரைக்கும் தளர்த்தி, கேட்ட இடத்திலிருந்து கொஞ்சம் இறுக்குவார்.

"டாப்பெட்டு கொஞ்சம் பேசணும் தம்பி. பேசலன்னா வால்வு எரிஞ்சிபூடும்" என்பது அவர் பாடம். அந்தக் காதுக்காகவே வெதுருகுப்பத்திலிருந்தெல்லாம் வண்டிகள் வந்தன.

சத்தம் வருகிறது என்று மூன்று தடவை போய்ச் சொன்னேன். மூன்று தடவையும் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். பக்கத்தில் நின்றிருந்த எனக்கு ஸ்க்ரூ டிரைவர் இல்லாமலே டிக் டிக் கேட்டது. அவரோ நிதானமாகக் கண்ணைத் திறந்து, புது ஆயில் அப்படித்தான், ரெண்டு நாள் ஓட்டினால் அடங்கிவிடும் என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். இன்ஜினைப் பற்றி அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது, வேலையைச் சரியாகச் செய்யாமல் மழுப்புகிறாரோ என்று.

4

நாலாவது தடவை அவரிடம் போகவில்லை. திருப்பதியில் கல்லூரிக்குப் பின்பக்கம் பிரபாகர் என்று ஒருவர் கடை வைத்திருக்கிறார். அங்கே விட்டேன். அவர் டாப்பெட் மூடியைக் கழற்றி ஒரு தகட்டை விட்டுப் பார்த்தார். அது தொளதொளவென்று போய்வந்தது. இரண்டு தகடுகளைச் சேர்த்து விட்டார், அவையும் போயின. இதை யார் செட் செய்தது, செவிடனா என்று தெலுங்கில் சிரித்துக்கொண்டே கேட்டார். பத்தே நிமிஷத்தில் சத்தம் நின்றது.

சந்தோஷமாகத்தான் கிளம்பினேன். வடமாலப்பேட்டை வரைக்கும் சந்தோஷம் இருந்தது. அதற்கப்புறம் பிரபாகரின் கேலி வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அண்ணனின் மகள் கல்பனா எதையும் அவரிடம் இரண்டு தடவை சொல்வாள். கடையில் போன் அடித்தால் வண்டி விட வந்து நிற்கிற நாங்கள்தான் எடுத்துக் கொடுப்போம். பட்டறைச் சத்தத்தில் பதினோரு வருஷம் இருந்த மனிதர். தடித்த குரல்கள் அவருக்குக் கேட்கின்றன, அதனால் பேச்சில் யாருக்கும் பிடிபடவில்லை. மெல்லிய, கூரான சத்தங்கள்தான் அவரை விட்டுப் போயிருக்கின்றன. டாப்பெட் பேசுகிறதா என்று கேட்டுக்கேட்டுத் தளர்த்தியிருக்கிறார். அது எப்போதோ கத்த ஆரம்பித்துவிட்டது.

ஏழுமலை அண்ணனுக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை.

5

இந்த இடத்தில் எனக்குக் கதாபாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. ஏழுமலை ரொம்ப நல்லவராக வந்துவிட்டாரோ? கொஞ்சம் குடிப்பவராக, கொஞ்சம் ஏமாற்றுபவராக எழுதினால் வாசகர் நம்புவார். எழுதிப் பார்த்தேன். "அவர் பழைய ஆயிலையே திரும்ப ஊற்றி..." கை கூசியது. அவர் அப்படிச் செய்ததில்லை.

பிறகு சந்தேகப்பட வேண்டிய கதாபாத்திரம் வேறொன்று என்று புரிந்தது. அண்ணன் கடையில் முன்பு காலையில் ஏழெட்டு வண்டிகள் நிற்கும், இப்போது இரண்டு மூன்றுதான். பால்காரர் ரங்கையாவை நகரி ரோட்டில் வேறு கடையில் பார்த்தேன். அண்ணனிடமே வண்டி விட்டுக்கொண்டிருந்த ஹேமநாத்தையும் பார்த்தேன். அவர்களுக்கும் அதே டிக் டிக்காகத்தான் இருக்கும். எங்கள் பக்கத்து வழக்கம் இது. முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டோம். சௌக்கியமா என்று விசாரிப்போம், டீ வாங்கிக் கொடுப்போம், அடுத்த தடவை வேறு தெருவில் திரும்பிவிடுவோம். இதை மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த மரியாதையில் ஒரு கடை காலியாகிக்கொண்டிருக்கிறது. நானும் திருப்பதிக்குப் போனேன்.

இத்தனைக்கும் இதற்குத் தீர்வு ஒரு தகடு. ஃபில்லருக்குக் காது வேண்டாம், கண்ணும் விரலும் போதும். யாராவது சொன்னால் ஒரே நாளில் தீரும். ஆனால் சொல்ல வேண்டியது "தகடு வாங்குங்க" என்றா? இல்லை. "உங்க காது போயிட்டது" என்று. ஊரே புகழ்ந்த காது அது.

என் மனைவி சுலோசனா இதுவரைக்கும் படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "இத்தினி பக்கம் எழுதறதுக்கு, அவராண்ட போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னதில் தப்பில்லை என்பதால் இன்னும் கோபம் வந்தது.

6

ஓர் அடிக்குறிப்பு, அடியில் போட மனசில்லாததால் இங்கே:

ஏழுமலை அண்ணனும் நானும் தமிழில்தான் பேசிக்கொள்கிறோம். ஆனால் அவர் படித்தது தெலுங்கு மீடியம். எங்கள் எல்லைக் கிராமங்களில் பாதிப்பேர் அப்படித்தான், வாயில் தமிழ், கையெழுத்தில் தெலுங்கு. நான் திருத்தணியில் மாமா வீட்டிலிருந்து படித்ததால் எனக்குத் தமிழ் எழுத்து வந்தது. அவருக்கு வராது, கல்பனாவுக்கும் வராது. ஆக, இந்தக் கதையை அவர் கையிலேயே கொடுத்தாலும் தன் பெயரைக்கூட இதில் கண்டுபிடிக்க மாட்டார். நான் இவ்வளவு தைரியமாக எழுதிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அதுதான். அவருக்கு எட்டாத இடத்தில் நின்றுகொண்டு அவருக்காகக் கவலைப்படுகிறேன்.

7

முடிவுகள் யோசித்தேன்.

அ. ஃபில்லர் செட் ஒன்றை வாங்கி, ஆயுத பூஜைக்குப் பரிசு என்று கொடுக்கிறேன். அவர் சிரித்து வாங்கி டப்பாவில் போட்டுவிடுகிறார். (ரொம்பச் சாத்தியம். அதனால்தான் வேண்டாம்.)

ஆ. கல்பனாவிடம் சொல்கிறேன். அவள் அழுகிறாள். (பாரத்தை ஒரு பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டு நான் நழுவுவது.)

இ. அவராகவே ஒருநாள்...

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. போன ஞாயிறு காலை அண்ணனே என்னைக் கூப்பிட்டுவிட்டார். அவரைப் பற்றி ஏதோ எழுதுகிறேன் என்று சுலோசனா கல்பனாவிடம் சொல்லியிருக்கிறாள். எதற்காகச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, தெரியும். படித்துக் காட்டச் சொன்னார். கடையில் வேறு யாருமில்லை. ஒன்று, இரண்டு, பிறகு மூன்றில் அவர் பாடம் வரைக்கும் படித்தேன். மலையின் மூக்குக்குச் சிரித்தார். தன் பாடத்தை நான் அப்படியே எழுதியிருந்ததற்கு வெட்கப்பட்டார். நாலாம் பகுதி எழுதிய பக்கத்தை அடியில் தள்ளிவிட்டு, இரண்டு நாளில் சத்தம் அடங்கிவிட்டது, அண்ணன் சொன்னதே சரி என்று வாயில் வந்ததை முடிவாகச் சொன்னேன்.

அவர் எழுந்து என் வண்டியருகே போய்க் குந்தினார். டாப்பெட் மூடியைக் காட்டினார். தான் இறுக்கிய ஒவ்வொரு மூடியிலும் நட்டிலும் அவர் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுப்பாராம், தளர்ந்தால் தெரியட்டும் என்று. அந்தச் சிவப்புக் கோடு பிளந்திருந்தது.

"அன்னிக்கு டீக்கடையாண்ட உன் வண்டி நிக்கசொல்லவே பாத்துட்டேன் தம்பி, வேற எவனோ தொறந்துகீறான்னு. கேட்டா நீ சங்கடப்படுவேன்னு உட்டுட்டேன்."

அவர் என்னைப் பார்க்காமல் அந்த மூடியையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ரங்கையா போயிட்டாரு. ஹேமநாத்து போயிட்டான். எதுக்குன்னு ஒருத்தரும் சொல்லல. ராவும் பகலும் ரோசன பண்ணிகினு கீறேன். நீயாச்சும் சொல்லு. நான் இன்னா தப்பு பண்றேன்?"

கையில் பக்கம் இருந்தது. நான் செய்ய வேண்டியதெல்லாம் படிப்பது மட்டும். மீதியை அடுத்த ஞாயிறு கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். சத்தமே இல்லாமல் கிளம்பியது.

8

இன்று வியாழன். ஞாயிற்றுக்கிழமை போவேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என்னை உங்களுக்கு இப்போது ஓரளவு தெரியும், நம்ப வேண்டாம்.

அதனால் முடிவை உங்களிடம் விடுகிறேன். புத்தூர்ப் பக்கம் யாராவது வந்தால் அண்ணன் கடைக்குப் போங்கள். அவருக்கு வாசிக்கத் தெரியாத இந்த எழுத்து உங்களுக்குத் தெரியும். டீ வாங்கித் தர வேண்டாம், சௌக்கியம் விசாரிக்க வேண்டாம். அவர் பதிலுக்காகக் காத்திருக்கிறார். எதிரே உட்கார்ந்து நாலாம் பகுதியின் கடைசி வரியைப் படியுங்கள். கொஞ்சம் உரக்கப் படியுங்கள்.