குருட்டுப் பக்கம்

கஸ்பாருக்குக் குளிர்கடலில் தட்டைமீனாகக் கிடக்கும் வேலை கிடைத்தது. சிறிய வகை. ஒரு சாண் நீளம். ஆறு மாதம் தற்காலிகம், பிறகு நிரந்தரம். தூத்துக்குடியிலிருந்து அந்த வருடம் தேர்வானவன் அவன் ஒருவன்தான்.

ஆனால் தேர்வில் படுத்தது அவன் இல்லை. அவனுடைய அக்கா ஜெசிந்தா.

தேர்வு எளிமையானது. கூழாங்கல் பரப்பிய கூடத்தில் நான்கு மணி நேரம் அசையாமல் படுத்து, கல்லின் நிறத்துக்கு வர வேண்டும். கஸ்பார் சமையலறைத் தரையில் பழகிப் பார்த்தான். யாராவது பார்த்தாலே அவனுக்குச் சிவந்துவிடும்.

"தக்காளி மாதிரி கெடக்கியேலே," என்றாள் ஜெசிந்தா.

கடைசியில் அவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, அவனுடைய நுழைவுச்சீட்டோடு அவளே போனாள். அதிகாரிகள் அவள் மேல் நடந்து போனார்கள். நான்கு மணி நேரமும் யாருக்கும் அவளைத் தெரியவில்லை. ஆள் வரவில்லை என்று குறிக்கப் போனபோது அவள் இருமிக் காட்ட வேண்டியதாயிற்று. முதல் இடம்.

"நல்லா இருந்துச்சுலே," என்றாள் திரும்பி வந்து. முதுகெல்லாம் செருப்புத் தடம். "ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல."

அவளே விண்ணப்பித்திருப்பாள். வயது வரம்பு நாற்பது. அவளுக்கு நாற்பத்திரண்டு.

வேலையில் சேரக் கிளம்பியபோது அவளும் கூடவே வந்தாள். அலுவலகம் கடலுக்கு அடியில் இருந்தது. இறங்க இறங்கத் தண்ணீர் குளிர்ந்தது. இறங்கிய அளவுக்குப் படிகளும் கூடிக்கொண்டே போயின. மூன்றாம் நாள் மதியம் போய்ச் சேர்ந்தார்கள். தேர்வன்று வருகை குறித்த டெல்பின் என்ற குமாஸ்தா அம்மாள் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

படிவத்தில் 'உடன்பிறந்தோர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே கஸ்பாரின் பேனா நின்றது. இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே மோவாய். பெயரை எழுதினால் டெல்பின் நிமிர்ந்து பார்ப்பாள். பார்த்தால் தேர்வுக்கூடம் ஞாபகத்துக்கு வரும். 'இல்லை' என்று எழுதினான்.

"கூட நிக்கது யாரு?" என்றாள் டெல்பின்.

"தெரியல மேடம். படியில கூடவே எறங்கி வந்தாங்க."

டெல்பின் ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

"நான் சும்மா நிக்கேம்மா," என்றாள் ஜெசிந்தா.

கஸ்பாருக்குக் காதுவரை சிவந்தது.

"செவக்கக் கூடாது," என்றாள் டெல்பின். "இங்க அது ஆபத்து. எந்தப் பக்கமா படுப்பீங்க?"

"புரியல மேடம்."

"ஒரு பக்கம் மேல, ஒரு பக்கம் கீழ. கீழ போற பக்கத்துக் கண்ணு நகந்து மேல வந்துரும். கீழ இருக்கது அதுக்குப் பொறவு தெரியாது. சாகுற வரைக்கும்."

ஜெசிந்தா அவனுக்கு இடது பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"இடது பக்கம் கீழ," என்றான் கஸ்பார்.

ஜெசிந்தா இன்னும் கொஞ்சம் இடது பக்கமாகத் தள்ளி நின்றாள்.

கண் நகர்ந்து, உடம்பு ஒரு சாண் மீனாகத் தட்டையாகி முடிய ஆறு வாரம் பிடித்தது. தினமும் காலையில் ஜெசிந்தா தேங்காய் எண்ணெய் தொட்டு அவன் புருவத்தை நீவிவிட்டாள். நீவினால் வலிக்கவில்லை. இரண்டாம் வார முடிவில்தான் அவளை அவன் கடைசியாகப் பார்த்தான். முழுதாக அல்ல. நரைத்த வகிடும், எண்ணெய் பட்ட ஒரு விரலும். மறுநாள் கண் உச்சந்தலைக்குப் போய்விட்டது. அங்கிருந்து பார்த்தால் வெகு உயரத்தில் கப்பல்களின் அடிப்பாகம்தான் தெரிந்தது.

"என்னத் தெரியுதா?" என்றது இடது பக்கக் குரல்.

"இல்ல."

"அப்ப ஒழுங்காத்தான் போவுது."

அவனுக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததே அவமானமாகவும் இருந்தது.

ஏழாம் வாரம் வேலை தொடங்கியது. மணலில் படுத்து, துடுப்பால் மணலை வாரி மேலே போட்டுக்கொள்ள வேண்டும். புழுவோ சின்ன மட்டியோ பக்கத்தில் வந்தால் தின்னலாம். மேற்பார்வையாளர் காட் என்ற பெரிய குளிர்கடல் மீன். தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு சுற்று வருவார். யாராவது கண்ணில் பட்டால் விழுங்கிவிடுவார். அதுதான் அறிக்கை. பக்கத்து இடம் போன வாரம்தான் காலியாகியிருந்தது.

முதல் நாள் அவர் வருவது தெரிந்தது. 'தெரியல மேடம்' என்று தான் சொன்னது அந்த நேரம் பார்த்து கஸ்பாருக்கு ஞாபகம் வந்தது. மேல்பக்கம் முழுக்கச் சிவந்துபோயிற்று. சாம்பல் மணலில் ஒரு சாண் சிவப்பு. மேற்பார்வையாளர் திரும்பினார்.

"என் மேல படு," என்றது குரல்.

"அக்கா..."

"படுலே. பொறவு பேசலாம்."

அவள் உடம்பைத் தட்டையாக்கி அவனுக்கு அடியில் நுழைந்தாள். சுவரில் ஈரம் ஏறுவதுபோல அவள் நிறம் அவனுக்குள் ஏறி மேலே வந்தது. முதலில் சாம்பல். பிறகு சாம்பலில் பழுப்புப் புள்ளிகள். உடைந்த சிப்பி ஒன்றின் வெள்ளைகூட வந்தது. மேற்பார்வையாளர் நேர் மேலே வந்து நின்றார்.

"இங்கன ஒருத்தன் கெடந்தானே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

இப்படியே ஆறு மாதம் நடந்தது. நடுவில் ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அவன் பெயருக்கு. கஸ்பார் அதைச் சத்தமாகப் படித்தான்.

"நல்லாருக்கே," என்றாள் ஜெசிந்தா கீழிருந்து. "இன்னொரு தடவ படி."

படித்தான். தன் பெயர் வந்த இடத்தை மட்டும் விழுங்கிவிட்டான். குளிர் என்று சொல்லிக்கொண்டான்.

நிரந்தரமாக்கும் நாளில் டெல்பின் கோப்போடு வந்தாள். அவனைச் சுற்றி நடந்து பார்த்தாள். குனிந்தும் பார்த்தாள்.

"மத்தவங்களவிட ரெண்டு விரக்கடை ஒசரமா இருக்கீங்க. கீழ யாரும் இருக்காங்களா?"

கஸ்பாரின் வாய் இப்போது கோணியிருந்தது. எதைச் சொல்வதும் ஒரே சிரமம்தான். அக்கா என்பது மூன்று எழுத்து. மணல் என்பதும் மூன்று எழுத்து. அடியில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மணல்," என்றான்.

"மணல்னா சரி." டெல்பின் எழுதிக்கொண்டு, முத்திரை குத்திவிட்டுப் போனாள்.

அவள் போனதும் அடியில் ஏதோ தளர்ந்தது. ஜெசிந்தாவின் தோள் இருந்த இடம் பொடிப்பொடியாயிற்று. பிறகு முழங்கை. பிறகு நெற்றி. இந்த வேலையில் அவள் எப்போதுமே கெட்டிக்காரி.

"அக்கா," என்றான் கஸ்பார்.

"மணலு பேசுமாலே," என்றாள். குரலில் கோபம் இல்லை.

அதற்குப் பிறகு பேசவில்லை. கஸ்பார் துடுப்பால் அடியில் துழாவினான். மணல்தான் வந்தது. எல்லாம் ஒரே மாதிரி, ஒரே குளிர்ச்சி.

மறுநாள் ஏழு மணிக்கு மேற்பார்வையாளர் வந்தார், பார்த்தார், போனார். கஸ்பார் சாம்பலாகவே கிடந்தான். அவர் போன பிறகும் அவன் அசையவில்லை. பக்கத்தில் ஒரு புழு வந்தது. அதையும் விட்டுவிட்டான். நீரோட்டம் பலமாக இருந்தது. அசைந்தால் எந்த மணல் எங்கே போகும் என்று தெரியாது. அவன் உடம்பின் ஓரங்களைச் சுற்றிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.