கையாள்

எண்பத்தாறாம் வருஷம், ஷார்ஜா தொழில்பேட்டையில் பம்பு பழுதுபார்க்கும் ஒரு பட்டறை. ஃபோர்மேன் கார்மேகம், ஹெல்பர் நாகலிங்கத்தின் வயிற்றில் எட்டி உதைத்தான். விழுந்தவன் எழுவதற்குள் பூட்ஸ் காலால் வாயிலும் உதைத்தான். கழுவிவைத்த பேரிங்கில் மணல் இருந்ததாம், அதற்குத்தான்.

"விடுங்கண்ணே, செத்துருவான்!" என்று குறுக்கே வந்த ஃபிட்டர் சோலைமுத்துவுக்கும் ஓர் அறை விழுந்தது. அடுத்த நொடி சோலைமுத்துவின் கையில் பெரிய ஸ்பேனர் இருந்தது. முதல் அடியில் கார்மேகத்தின் தாடை உடைந்தது. இரண்டாவது அடி இடது கண்ணில் இறங்கியது.

கேபின் கண்ணாடி வழியே எல்லாவற்றையும் பார்த்தவர் டென்மார்க் இன்ஜினியர் யென்ஸ். ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தது நாகலிங்கம் என்று போலீஸில் சொன்னார். அவன் ஃபிட்டருக்கு யார் என்று கேட்டார்கள். நடுக்கத்தில் அவருக்கு இங்கிலீஷ் வரவில்லை. "ஹொன்லாங்கர்" என்று தன் பாஷையில் சொல்லிவிட்டார். போலீஸ் டேனிஷ் அகராதி ஒன்றைத் தேடிப் பார்த்தது. 'குற்றத்துக்கு உடந்தை' என்று போட்டிருந்தது. நாகலிங்கத்தையும் உள்ளே வைத்தார்கள்.

ஆபீஸ் கிளார்க் நவரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் போய் விசாரித்ததும் யென்ஸ் பதறிப்போனார். ஹெல்பர் என்றுதான் சொல்ல வந்தாராம். 'ஹொன்' என்றால் கை. 'லாங்கர்', எடுத்து நீட்டுகிறவன். கொத்தனாருக்குக் கல் எடுத்துக் கொடுக்கிற ஆளைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்களாம். அடியாளுக்கு அந்தப் பெயர் பிற்பாடு வந்து ஒட்டியது.

இருவரும் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். யென்ஸ் விளக்கியதைக் கேட்ட அதிகாரி, மாற்றி எழுதத் தயார் என்றார். ஒரே கேள்விதான்: ஃபிட்டர் ஸ்பேனர் கேட்டானா?

நவரத்தினம் லாக்கப் கம்பிக்கு அருகே குனிந்தார். "தம்பி, அது எங்கட கையாள் மாதிரி ஒரு சொல்லுத்தான். ஃபிட்டர் ஸ்பேனர் கேட்டவர், வேலைக்கெண்டு நினைச்சுக் குடுத்தனான் எண்டு சொல்லும். உம்மை விட்டிடுவினம்."

நாகலிங்கம் கிழிந்த உதட்டைத் துடைத்துக்கொண்டான். "அவரு கேக்கலைங்க. நாந்தான் எடுத்துக் கையில வச்சேன். போடுங்கண்ணேன்னும் சொன்னேன்."

"ஐயோ, அதை நான் எப்பிடிச் சொல்லுறது?"

"நானே சொல்றேன்." அதிகாரியைப் பார்த்துத் தெரிந்த இந்தியில் சொன்னான்.

சோலைமுத்துவுக்கும் நாகலிங்கத்துக்கும் சிறை, அப்புறம் ஊருக்கு விமானம் என்று தீர்ப்பானது. கார்மேகம் ஒற்றைக் கண்ணோடு அதே வேலைக்குத் திரும்பினான்.

ஒரு வெள்ளிக்கிழமை நவரத்தினம் சிறைக்குப் பார்க்கப் போனார். நாகலிங்கத்தின் முன்பற்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. சோலைமுத்து ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்து, பிய்த்துப் பிய்த்து அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தான்.