வீக்கம் கரைந்த பிறகு

வெயிலும் தூறலும் சேர்ந்து விழுந்த ஐப்பசிப் பகல். ஜன்னலோரம் பூங்கோதை தலை சீவிக்கொண்டிருந்தாள். இடது காதுக்குக் கீழே, வெளிச்சம் பட்ட இடத்தில், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம்.

வலிக்கவில்லை. வலித்திருந்தால் அன்றே டாக்டரிடம் போயிருப்பார்கள்.

“பொன்னுக்கு வீங்கிதான்” என்றாள் மதிவாணனின் அம்மா. பொன் பட்டால் வடியும் என்று தன் இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றி மருமகளுக்குப் போட்டாள்.

“வீங்கினாத்தான் இது கிடைக்கும்னா கல்யாணத்தன்னிக்கே வீங்கியிருப்பேனே, அத்தை.”

“வாயைப் பாரு இவளுக்கு.”

மூவரும் சிரித்தார்கள். எம்.எஸ்சி. படித்த மதிவாணனும் சிரித்தான்.

ஐப்பசி போயிற்று. கார்த்திகை போயிற்று. மார்கழிப் பனியில் சங்கிலி மின்னியது. வீக்கம் எலுமிச்சை ஆயிற்று.

தையில் சதை எடுத்துப் பார்த்தார்கள். உமிழ்நீர்ச் சுரப்பியில் லிம்போமா. வேகமாக வளரும் புற்று. “மருந்துக்கு நல்லாக் கேக்கும். நிறையப் பேர் குணமாகிப் போறாங்க” என்றார் டாக்டர்.

கேட்டது. அதுதான் கொடுமை.

இரண்டாம் சுற்று மருந்தில் வீக்கம் பாதி. மூன்றாம் சுற்றில் தடவினாலும் தெரியவில்லை. முடி போயிற்று. எச்சில் வற்றிற்று. ரசம் ஊற்றாமல் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. ஆனால் வீக்கம் இல்லை.

நான்காம் சுற்றுக்குப் பிறகு காய்ச்சல். எதிர்த்து நிற்க இரத்தத்தில் வெள்ளையணுக்கள் இல்லை; மருந்து அவற்றையும் அழித்திருந்தது. மூன்று நாள். அவ்வளவுதான்.

நோய் போய்க்கொண்டிருந்தது. அவளும் போனாள்.

அதிலிருந்து அம்மா தினமும் கேட்டாள். “அந்த மூணு மாசத்தை நான்தான் தின்னுட்டேனாடா?”

மதிவாணன் ஆடியில் ஒருநாள் டாக்டரிடமே போய்க் கேட்டான்.

அவர் கோப்பைப் புரட்டினார். “வந்தப்பவும் நோய் அந்த ஒரு இடத்துலதான் இருந்துச்சு. பரவலை. முன்னாடியே வந்திருந்தாலும் இதே மருந்துதான். இதே காய்ச்சல் வந்திருக்கலாம். அம்மா மேல தப்பில்லை, தம்பி. போய்ச் சொல்லுங்க.”

பேருந்து ஜன்னலில் காற்று அறைந்தது. யார் மேலும் தப்பில்லை. யார் மேலும். அதை அவனால் விழுங்க முடியவில்லை.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். “டாக்டர் என்னடா சொன்னார்?”

ஒரே வரி. நாக்கு நுனியில் இருந்தது.

செருப்பைக் கழற்றினான். கால் கழுவினான்.

“சோறு போடும்மா.”

போட்டாள். கரண்டி தட்டில் இடித்து இடித்துச் சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, அவன் நிதானமாகச் சாப்பிட்டான்.