இருவர் பிடித்த சுரம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு டீ வரிசையில். மற்றதெல்லாம் நானாகக் கட்டியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் ஊர் மண்டபத்தில் அந்தப் பருவம் முழுக்க மேற்கத்தியச் செவ்விசைக் கச்சேரிகள். முதலில் வயலின் நால்வர், அப்புறம் தனிப் பியானோ, கடைசியில் பலர் கூடிப் பாடும் சேர்ந்திசை. எனக்கு இசை தெரியாது. டிக்கெட் வாங்கி வைத்த அக்கா வெளியூர் போய்விட்டதால் நான் போனேன். முதல் நாள் நான்கு பேர் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை, தலையாட்டவில்லை. முதல் வயலின்காரி மூக்கால் ஒரு மூச்சை இழுத்தாள். நான்கு வில்லும் ஒன்றாக இறங்கின. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. பியானோக்காரரோ கடைசிக் கட்டையை அழுத்திவிட்டு விரலை எடுக்கவே இல்லை. ஓசை தேய்ந்து தேய்ந்து எங்கே முடிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கைதட்டப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சேர்ந்திசையில் ஒரு சுரம் வந்தது. மனித மூச்சுக்கு அடங்காத நீளம். முடிந்தபின் டீ வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பாடகியிடம் கேட்டேன்.

"அவ்வளவு நேரம் எப்படிங்க மூச்சுப் பிடிக்கிறீங்க?"

"யாரு பிடிச்சா? பக்கத்துல நிக்கறவங்களோட மாத்தி மாத்தி எடுப்போம். அவங்க எடுக்கறப்ப நான் பாடுவேன், நான் எடுக்கறப்ப அவங்க. உங்களுக்கு ஓட்டை தெரியாது."

"பக்கத்துல நிக்கறவங்களோட சண்டைன்னா?"

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. டீயை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

2

தொடக்க வரிகள்:

அவள் ஒரு பள்ளி ஆசிரியை. (அடித்துவிட்டேன். என் கதைகளில் எல்லாரும் ஆசிரியைகள்.)

இசை என்பது காற்றின் — (இதையும். இப்படி ஆரம்பித்த எதையும் நானே படித்து முடித்ததில்லை.)

அவள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். இது நிற்கிறது. 'இது தெளிவா இருக்கா, முன்னால போட்டது தெளிவா?' என்று நாள் முழுக்கக் கேட்கிறவள். சேர்ந்திசைக் குழுவில் அவளுக்கு இடப்பக்கம் நிற்பவள் அவளுடைய நாத்தனார்; நகரப் பேருந்து ஓட்டுகிறாள். இருவரையும் குழுவில் சேர்த்துவிட்டவன் ஒருவனே. இவளுக்குப் புருஷன், அவளுக்கு அண்ணன். பின்வரிசையில் நின்று அடிக்குரலில் பாடியவன்.

அந்தக் காலத்தில் நாத்தனாருக்கு வாய் ஓயாது. கையசைத்துக் குழுவை நடத்துகிறவரிடம், "சார், நீங்க கண்டக்டர், நான் டிரைவர். நீங்க விசில் குடுத்தாத்தான் வண்டி நகரும்" என்பாள். அன்றிலிருந்து அவருக்கு அதுவே பெயர்.

பிறகு அந்த அண்ணன் செத்துப்போனான்.

(இந்த வாக்கியத்தைத் தவிர்க்கத்தான் பார்த்தேன். செத்த புருஷன் வந்தால் கதை மூக்கைச் சிந்த ஆரம்பிக்கும். ஆனால் வேறு எதற்காக இரண்டு பெண்கள் தோளோடு தோள் நின்றுகொண்டு பேசாமல் இருக்கப்போகிறார்கள்?)

3

போன பருவத்தின் கடைசிக் கச்சேரியன்று நடந்தது அது. நாத்தனார் மேடையில் இருந்தாள். மருத்துவமனையில் அவனுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. மனைவி போனை எடுத்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அவ பாடி முடிக்கட்டும். அப்புறம் சொல்லு."

சொன்னபடி செய்தாள். பாட்டு முடிவதற்குள் அவன் போய்ச் சேர்ந்தான்.

நாத்தனார் மேடை உடுப்போடு ஓடிவந்தாள். "அண்ணன் போயிட்டிருந்தான், நான் பல்லைக் காட்டிப் பாடிட்டிருந்தேன். ஒரு போன் பண்ணக் கை வரலையா உங்களுக்கு?"

அவர்தான் வேண்டாம் என்றார் என்று சொல்லியிருக்கலாம். செத்தவன்மேல் பழியைப் போட அவளுக்கு நா எழவில்லை.

(இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம். இப்படியும் ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருப்பாளா? தம்பியிடம் படித்துக் காட்டினேன். "சொன்னா நம்பவா போறாங்க?" என்றான், பல் தேய்த்துக்கொண்டே. சரி, இருக்கட்டும்.)

அன்றோடு 'அண்ணி' போய் 'அவங்க' ஆனாள். குழுவை மட்டும் இருவரும் விடவில்லை. விட்டால் அவனை விட்டதுபோல.

4

இந்தப் பருவத்து நீண்ட சுரத்துக்காகக் கண்டக்டர் எல்லாரையும் ஜோடி ஜோடியாகப் பிரித்தார். "யாரு முதல்ல மூச்சு எடுக்கறதுன்னு ரெண்டு பேரும் பேசி வச்சுக்குங்க."

"அவங்களையே முதல்ல எடுத்துக்கச் சொல்லுங்க சார்" என்றாள் நாத்தனார், நாலு விரற்கடை தூரத்தில் நின்றவளைப் பற்றி.

"எனக்கு எப்பன்னாலும் சரி சார். அவங்க சௌகரியம்" என்றாள் இவள்.

விளைவு, ஒத்திகையில் இருவரும் ஒரே சமயத்தில் மூச்சு வாங்கினார்கள். சுரத்தில் ஓட்டை. மறுபடி பாடினார்கள், மறுபடி ஓட்டை. கண்டக்டர் கையை இறக்கினார். "இப்படியே போனா ஒருத்தரை வேற வரிசைக்கு மாத்திடுவேன்."

அதன்பிறகும் கண்ணாடிக்கடைக்காரி பேசவில்லை, பார்த்தாள். நாத்தனாரின் தோள் லேசாக மேலேறினால் மூச்சு வாங்கப் போகிறாள் என்று அர்த்தம். அது இறங்கும்வரை இவள் பிடித்துக்கொண்டாள். ஓட்டை அடைபட்டது. ஒருத்தியின் மூச்சை இவ்வளவு உற்றுப் பார்த்த பிறகு அவள்மேல் கோபம் — (இதை முடிக்கவில்லை. கட்டுரை வாடை.)

5

கச்சேரியன்று நான் அரங்கில் இருந்தேன். எதுவும் தெரியவில்லை எனக்கு. மேடையில் நடந்தது இது.

சுரத்தின் பாதியில் நாத்தனாரின் குரல் நின்றுவிட்டது. தோள் ஏறவில்லை. வாய் திறந்தபடி, கண்ணீர் ஓட நின்றாள். போன வருஷம் இதே மேடை.

அது கண்ணாடிக்கடைக்காரி மூச்சு வாங்கவேண்டிய முறை. வாங்கவில்லை. விலா எரிந்தது. விளக்குகள் மங்கலாயின. இன்னும் பிடித்தாள். அவள் கை தானாகத் துழாவி நாத்தனாரின் கையைப் பற்றியது. அந்தக் கை விலகவில்லை, திருப்பி இறுக்கியது. பக்கத்திலிருந்து மெல்லிய குரலொன்று எழுந்து சுரத்தில் சேர்ந்துகொண்டது. அப்போதுதான் இவள் மூச்சு வாங்கினாள்.

எங்களுக்குக் கேட்டது அறுபடாத ஒரே சுரம். எந்தக் குரலும் தனியாகத் தெரியாமல், அது மண்டபம் முழுக்க நிறைந்து நின்றது. அதற்குள் இவ்வளவு நடந்திருக்கலாம் என்று நினைத்தால், இனி எந்த அழகான ஓசையைக் கேட்டாலும் எனக்குப் பயமாக இருக்கும்: உள்ளே யார் யாரைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்களோ.

6

ஒரு முடிவு: இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (அக்காவுக்குப் பிடிக்கும்.)

இன்னொன்று: கையை உதறிவிட்டு நாத்தனார் கிளம்பிவிடுகிறாள். எதுவும் மாறவில்லை. (இதை எழுதினால் என்னைப் பெரிய எழுத்தாளர் என்பார்கள்.)

இரண்டும் வேண்டாம். மேடைக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய நடை. வெளியே இன்னும் கைதட்டல். நாத்தனார் புறங்கையால் முகத்தைத் துடைத்தாள்.

"அண்ணி."

இவள் திரும்பினாள்.

"அன்னிக்கு... அண்ணன் என்னைக் கேட்டானா?"

உண்மையைச் சொன்னால், தங்கையை வரவிடாதவன் அண்ணன் என்றாகும். 'கேட்டார், நான்தான் கூப்பிடலை' என்றால் பழி கடைசிவரை இவள் தலையில். மூன்றாவதாக ஒரு பதில் இருக்கலாம்; எனக்குப் பிடிபடவில்லை. நான் அரங்கில் உள்ளங்கை சிவக்கக் கைதட்டிக்கொண்டிருக்கிறேன், அங்கே பேசுவது என் காதில் விழாது. நீங்கள்தான் அந்த நடையில் நிற்கிறீர்கள், அவளுக்கு வெகு பக்கத்தில்.

என்ன சொன்னாள்?