புதன்கிழமைக்கு இரண்டு யானை

பர்மாவின் மௌலமைனில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியும் நான் குன்றின் மேலிருக்கும் பகோடாவுக்கு, அந்தப் புத்தர் கோயிலுக்கு, போனதில்லை. பிலிப்பைன்ஸில் மாதா கோயிலே கதியென்று வளர்ந்தவள். தெரியாத இடத்தில் எதையாவது தப்பாகச் செய்துவிடுவேனோ என்று பயம். வீட்டுக்காரம்மாவின் பிள்ளைகள் விடவில்லை. பௌர்ணமியன்று காலையில் இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். ஸின் மேவுக்குப் பதினோரு வயது, தம்பி பைங்குக்கு எட்டு.

படியடியில் செருப்பைக் கழற்றினேன்.

"சாக்ஸும்தான் டீச்சர்," என்றான் பைங்.

மேலே கிழமைக்கொரு மூலையில் சின்னப் புத்தர் சிலையும், அதன் காலடியில் ஒரு விலங்கின் சிலையும் இருந்தன. அவரவர் பிறந்த கிழமையின் புத்தருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம்.

"நான் செவ்வா, சிங்கம். இவன் வியாழன், எலி," என்றாள் ஸின் மே.

"பெரிய எலி," என்றான் பைங்.

என் கிழமை எனக்குத் தெரியவில்லை. இருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பிறந்த தேதியைக் கேட்டு ஸின் மே போனில் தேடினாள். புதன் என்று வந்தது.

"காலையிலயா, மத்தியானமா?"

"எதுவா இருந்தா என்ன?"

"அய்யோ டீச்சர், புதனுக்கு ரெண்டு யானை. காலைல பொறந்தா தந்தம் உள்ளது, மத்தியானம்னா இல்லாதது. மாத்தி ஊத்தினா புண்ணியம் வேற யாருக்கோ போயிடும். அம்மாவக் கேளுங்க."

"அம்மா இல்ல."

"அப்போ அப்பாவ."

அப்பாவிடம் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மா இறந்தபோது, வெளிநாட்டில் வேலையிலிருந்த நான் கிளம்பி வந்தும், புயலில் விமானங்கள் நின்றுபோய் மணிலாவிலேயே நான்கு நாள் கிடந்தேன். "புதைச்சாச்சு, இனிமே வந்து என்ன செய்யப்போற?" என்றார் போனில். ஊருக்குப் போகாமலே வேலைக்குத் திரும்பிவிட்டேன். அவரும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்ல முடியுமா? பைங் என் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினான். வேறு வழியில்லாமல் அப்பாவின் எண்ணை அழுத்தினேன். எடுக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"யாரு?"

"நான்தான் அப்பா, நெனி."

"உடம்புக்கு ஏதாவதா?"

"இல்லப்பா. நான் பொறந்தது காலையிலயா, மத்தியானமா?"

"இதக் கேக்கவா கூப்பிட்ட?"

"யானைக்காக." எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"மத்தியானம்," என்றார் அப்பா. "சோத்துல கை வச்சேன், உங்கம்மா கத்தினா. வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போறதுக்குள்ள நீ வந்துட்ட. அந்த அவசரம் அப்புறம் உனக்கு எதுலயும் இருந்ததில்ல."

"அப்பா, அன்னைக்கு நான்..."

"புயல் அடிச்சா நீ என்ன பண்ணுவ? எனக்குத்தான் அன்னிக்கு யாரையாவது திட்டணும்போல இருந்துச்சு. அப்புறம் கூப்பிட வெக்கமாப் போச்சு," என்றார். "உங்கம்மாவுக்கும் சேத்து ஊத்து."

அம்மாவுக்கும் ஊற்றச் சொல்கிறார் என்று ஸின் மேவிடம் சொன்னேன். "அவங்க என்ன கிழமைன்னு கேளுங்க."

கேட்டேன். "பொறப்புச் சீட்டு அலமாரில எங்கயோ இருக்கு. பாத்துட்டுக் கூப்பிடறேன். வச்சிடு, காசு ஆகும்."

போனைப் பையில் போட்டேன். வலமாகச் சுற்றி, தந்தமில்லாத யானையின் மூலைக்குப் போனோம். எனக்கு நாற்பது வயது; வயதுக்கு ஒரு குவளை, கூடுதலாக ஒன்று.

"நாப்பத்தொண்ணா?" என்றான் பைங். "தொட்டி வத்திடும் டீச்சர்."

"நீ எண்ணு, நான் ஊத்தறேன்."

இருபத்தாறில் அவனுக்கு எண்ணிக்கை தவறிப்போனது. அக்கா அவனைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே என் போன் அடித்தது. அப்பாதான்.

"சனி," என்றார். "சனிக்கு என்ன மிருகம்?"

பிள்ளைகளிடம் கேட்டேன். "நாகம்," என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள்; அப்பாவிடம் சொன்னேன்.

"அவளுக்குச் சரியாத்தான் இருக்கு," என்று சிரித்தார் அப்பா. நான் குவளையைக் கீழே வைத்துவிட்டு, ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அவரோடு பேச ஆரம்பித்தேன்.