முதலாளிக்கு ஒரு துண்டு அழுக்கு

அவளுக்கு ஆஸ்பத்திரியில் வைத்த பெயர் வெந்நீரம்மா. ஆபரேஷன் அறைக்குப் போகிற கத்தி, கத்திரி, கிடுக்கி எல்லாவற்றையும் நீராவியில் வேகவைத்து, கிருமியைக் கொன்று, துணியில் பொட்டலம் கட்டி அனுப்புகிற பிரிவில் வேலை. அவள் கட்டிய பொட்டலம் என்றால் டாக்டர்மார் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார்கள். அப்படி ஒரு கை.

வம்பு என்னவென்றால், வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்காது. தக்காளிக்கு ஒரு குளியல், சாவிக்கொத்துக்கு ஒரு குளியல், கதவுப் பிடிக்கு வெந்நீர் ஒத்தடம். நம் வீட்டுக்கு வழிதவறி வருகிற ஈகூட வாசலில் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வரும் என்று அவள் புருஷன் சொல்லிச் சிரிப்பார்.

புருஷன் தொலைதூர லாரி டிரைவர். போனால் வாரக்கணக்கு. திரும்பி வந்து கட்டிலில் படுத்தாலும் ஓடுகிற ரோடு கண்ணைவிட்டுப் போகாது; தூக்கத்திலும் கால் பிரேக்கை மிதிக்கும். கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று ஒரு கைக்குட்டைகூடக் கேட்காத மனுஷன், போன வருஷம் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: "ஒரு சின்ன மீன் தொட்டி வச்சுக்கட்டுமா? நீ வேணாம்னா வேணாம்."

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கூடத்து மேசை மேல் தொட்டி வந்தது. அதில் இரண்டு தங்கமீன்கள். ஒன்று உருண்டை வயிறு. ஆள் நிழல் தெரிந்தாலே கண்ணாடியில் வாயை வைத்துத் தீனி எங்கே என்று அதட்டும். அதற்கு முதலாளி என்று பெயர். மற்றது ஒல்லி, முதலாளி போகிற இடமெல்லாம் பின்னாலேயே போகும். அது கணக்குப்பிள்ளை. "வெளியில ஒரு முதலாளிக்கு வண்டி ஓட்டுறேன், வீட்டுல ஒரு முதலாளிக்குச் சோறு போடுறேன்" என்பார் டிரைவர். ஆனால் அந்தத் தொட்டிக்கு எதிரே அரைமணி உட்கார்ந்துவிட்டுப் படுத்தால் கால் பிரேக்கைத் தேடுவதில்லை. குறட்டை மட்டும்தான்.

இந்த முறை வண்டியேறும்போது, "முதலாளியைப் பாத்துக்கோ" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். அதுதான் அவளைக் கிளப்பிவிட்டது. பார்த்துக்கொள்வது என்றால் அவளுக்கு ஒரே அர்த்தம்தானே!

விடுமுறை நாளில் காலையிலேயே முந்தானையை இழுத்துச் செருகினாள். மீன் இரண்டையும் ஒரு வாளியில் விட்டாள். தொட்டித் தண்ணீர் முழுவதையும் கொட்டினாள். அடியில் கிடந்த கூழாங்கல்லை அள்ளிப் பெரிய சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தாள். ஃபில்டரைத் திறந்தால், அதில் இருந்த பஞ்சு பழுப்பேறிப் பிசுபிசுவென்று... "ஐயய்யோ, இத்தனை நாளா இதை வச்சுக்கிட்டா குடும்பம் நடத்துறாங்க!" வெந்நீரில் முக்கினாள், பிழிந்தாள், மறுபடி முக்கினாள். பஞ்சு வெள்ளைவெளேர் என்று ஆகிற வரை விடவில்லை. பிறகு வெயிலில் காயப்போட்டாள். புதுத் தண்ணீர் நிரப்பி, குழாய்த் தண்ணீரின் மருந்து வாடையை முறிக்கிற சொட்டுமருந்தைப் புருஷன் காட்டிக் கொடுத்தபடி விட்டு, மீன்களை இறக்கினாள். அன்று தொட்டி இருந்த அழகைப் பார்க்க வேண்டுமே! தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தது. வருகிற மனுஷன் வாயைப் பிளக்கப்போகிறார் என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

நாலைந்து நாள் போனது. முதலாளி அதட்டுவதை நிறுத்தினார். தீனி போட்டால் மூக்கருகே வந்து மிதந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு மேல்மூச்சு வாங்கினார்கள். செவுள் சிவந்து கிடந்தது.

அவள் என்ன செய்திருப்பாள் சொல்லுங்கள்? மறுபடியும் கழுவினாள். முதல் தடவையில் எங்கோ ஒரு கிருமி தப்பியிருக்கும் என்று இன்னும் நன்றாகவே கழுவினாள்.

சாயங்காலம் டிரைவர் போன் செய்தார். "முதலாளி சாப்பிட்டாரா?"

"ம்... சாப்பிட்டாரு."

"போனைத் தொட்டிகிட்ட வை, ஒரு வார்த்தை பேசுறேன்."

"அவரு தூங்குறாரு."

"இந்த நேரத்துலயா?"

"முதலாளிங்க எப்ப வேணாத் தூங்குவாங்க. நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க." போனை வைத்துவிட்டாள். அவரிடம் அவள் சொன்ன முதல் பொய் அது.

மறுநாள் காலை கணக்குப்பிள்ளை பக்கவாட்டில் மிதந்தது. முதலாளி அதன் பக்கத்திலேயே நின்றது. எப்போதும் பின்னால் வருகிற ஆள் ஏன் வரவில்லை என்று பார்க்கிற மாதிரி இருந்தது. வெந்நீரம்மா நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பார்த்தவள்தான். இது தன் பொறுப்பில் விட்டுப்போனது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு உயிர். புருஷன் வீடு வந்து சேர்வதற்குள் அதையும் தூக்கிப்போட்டால் எந்த முகத்தோடு கதவைத் திறப்பது?

வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வண்ணமீன் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் கையில் சின்ன வலையோடு எதையோ பிடித்துக்கொண்டிருந்தார்.

"தொட்டியை எப்பம்மா கழுவுனீங்க?"

"போன வாரம். நேத்தும் ஒரு தடவை."

"எப்படிக் கழுவுனீங்க?"

அவள் சொன்னாள். கல்லைக் கொதிக்க வைத்தது, பஞ்சை வெளுத்தது, வெயிலில் காயவைத்தது எல்லாம் வரிசையாகச் சொன்னாள். துக்கத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. கடைக்காரர் வலையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா, மீனை மட்டும் ஏன் வேகவைக்காம விட்டீங்க?"

"என்னங்க இப்படிப் பேசுறீங்க!"

"கோவிச்சுக்காதீங்க. மீன் திங்குது, கழியுது. அந்தக் கழிவு தண்ணிக்குள்ளேயே விஷமாகும். அதைத் தின்னு தீக்குறதுக்குன்னே நல்ல கிருமி இருக்கு. அது குடியிருக்குற வீடே அந்தக் கல்லும் பஞ்சும்தான். நீங்க குடும்பத்தோட கொதிக்க வச்சுட்டீங்க."

கிருமியில் நல்ல கிருமி உண்டு என்று அவளும் எங்கேயோ படித்திருக்கிறாள். தயிரில் இருக்கும், வயிற்றில் இருக்கும். தன் வீட்டுக் கூடத்தில், தன் மேசை மேல் இருக்கும் என்று அவள் நினைத்தாளா?

"இப்ப என்னங்க செய்றது?"

"தண்ணியைத் தினம் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. தீனி போடாதீங்க. ஆனா அது போதாது. நல்லா ஓடுற பழைய தொட்டியிலேருந்து அழுக்குப் பஞ்சு ஒரு துண்டு கொண்டாந்து வைங்க. அதுல இருக்குற கிருமி உங்க தொட்டியில பெருகிக்கும்."

"உங்க கடையிலேருந்தே குடுங்களேன்."

"என் தொட்டியில எல்லாம் மருந்து ஊத்தியிருக்கேன்மா. வர்ற மீனு, போற மீனு, எதுக்கு என்ன சீக்குன்னு யாருக்குத் தெரியும்? தெரிஞ்சவங்க வீட்டுல பாருங்க. ரொம்ப நாளாக் கழுவாத தொட்டியா இருக்கணும்."

ரொம்ப நாளாகக் கழுவாத தொட்டி. அவளுக்குத் தெரிந்து அப்படி ஒன்று ஒரே வீட்டில்தான் இருந்தது. அந்த வீட்டு வாசலை அவள் மிதித்து வருஷம் இரண்டாகிறது.

அது அவள் ஓரகத்தி வீடு. டிரைவரின் அண்ணன் சம்சாரம், தையல்காரி. முன்னறையில் மெஷின், வீடு முழுக்க நூலும் துணுக்கும். துணி கொடுக்க வருகிறவர்களின் பிள்ளைகள் அழாமல் வேடிக்கை பார்க்கட்டும் என்று ஒரு மூலையில் தொட்டி வைத்திருந்தாள். பேச்சுவார்த்தை நின்ற காரணம் ஒரு டம்ளர். குடும்பமெல்லாம் கூடியிருந்த ஒரு நாள், பெரியவள் கொண்டுவந்து நீட்டிய தண்ணீரை நம்மவள் வாங்கினாள், டம்ளருக்குள் பார்த்தாள், ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் அதைக் கொட்டி, டம்ளரைத் தேய்த்துக் கழுவி, வேறு தண்ணீர் பிடித்துக் குடித்தாள். அத்தனை பேர் முன்னால்! அவள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அந்தக் கை அப்படி. ஆனால் பெரியவளுக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது.

இப்போது போய் அந்த வீட்டிலேயே அழுக்கு கேட்க வேண்டும். பஸ் ஏறினாள்.

மெஷின் சத்தம் நின்றது. பெரியவள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"வாங்க, வாங்க. ஆஸ்பத்திரிக்காரங்க இவ்வளவு தூரம்! உக்காருங்க. இருங்க, துடைச்சுத் தர்றேன்."

"வேணாங்கக்கா."

"அட, இருக்கட்டும்." துணுக்குத் துணியால் நாற்காலியை மூன்று தரம் துடைத்தாள். உள்ளே போனாள். குழாயடியில் டம்ளர் கழுவுகிற சத்தம் வேண்டுமென்றே பெரிதாக, வெகுநேரம் கேட்டது. தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டி, "நல்லா உள்ளே பாத்துக்குங்க. ஏதாவது மிச்சம் இருக்கப்போவுது" என்றாள்.

வெந்நீரம்மா பார்க்கவில்லை. ஒரே மூச்சில் குடித்தாள். குடித்த வேகத்தில் புரையேறியது, இருமினாள், இருமலோடு அழுகையும் வந்துவிட்டது.

"அக்கா, கணக்குப்பிள்ளை செத்துப்போச்சுக்கா. முதலாளிக்கும் மூச்சு இழுக்குது. உங்க கொழுந்தனாருக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

பெரியவள் பதறிப்போனாள். லாரிக் கம்பெனியில் ஏதோ பெரிய விபரீதம் என்று நினைத்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அது மீன் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்த பிறகு, எதனால் செத்தது என்று கேட்டாள். வெந்நீரம்மா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்லப் பெரியவளின் தோள் குலுங்க ஆரம்பித்தது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மெஷின் மேல் கவிழ்ந்து சிரித்தாள்.

"ஏண்டி, மீனுக்குப் போயி ஆபரேஷனா பண்ணுனே?"

"ஏண்டி" என்று காதில் விழுந்ததும் இவளுக்கு உயிர் வந்தது. "சிரிச்சுக்குங்கக்கா. எவ்வளவு வேணா சிரிங்க. எனக்கு உங்க தொட்டி அழுக்குல கொஞ்சம் வேணும்."

"கொஞ்சமா? மூட்டையாக் கட்டித் தர்றேன், எடுத்துக்கோ!"

மூலைத் தொட்டியைப் போய்ப் பார்த்தாள் வெந்நீரம்மா. கண்ணாடி ஓரமெல்லாம் பச்சை. இரண்டு நத்தைகள் சாவகாசமாக ஊர்ந்தன. உள்ளே இருந்த மீன்களோ ஒவ்வொன்றும் கையளவு, வாலை வீசிக்கொண்டு திரிந்தன. இவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. "எப்பக்கா கழுவுவீங்க?"

"எங்கே நேரம்? நெனப்பு வந்தா ரெண்டு சொம்பு மொண்டு வெளியே ஊத்திட்டு ரெண்டு சொம்பு விடுவேன். அவ்வளவுதான்."

பெரியவள் ஃபில்டரிலிருந்து பஞ்சை வெளியே எடுத்தாள். சேறு சொட்டியது. துணி வெட்டுகிற கத்திரியை எடுத்துச் சரிபாதியாக நறுக்கென்று வெட்டினாள். ஒரு பாதி உள்ளே போனது. மறு பாதியைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு தூக்குவாளியில் போட்டு மூடினாள். வெந்நீரம்மா கையை நீட்டினாள்.

"உன்கிட்ட குடுக்கமாட்டேன்."

"ஏங்கக்கா?"

"வழியில எங்கேயாவது குழாயைப் பாத்தா கழுவிடுவே. நட, நானே வர்றேன்."

இரண்டு பேரும் பஸ்ஸில் போனார்கள். தூக்குவாளி பெரியவள் மடியில் இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் உள்ளே என்ன சாப்பாடு என்கிற மாதிரி பார்த்துக்கொண்டே வந்தார்.

முதலாளி இன்னும் மேல்மட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் தண்ணீரில் பாதியை மாற்றினார்கள். பெரியவள் ஃபில்டர் டப்பாவை விரலால் அளந்து, பஞ்சின் ஓரத்தை இன்னும் கொஞ்சம் வெட்டிக் கச்சிதமாகச் செருகினாள். வெட்டி எடுத்த ஓரத்தைத் தொட்டிக்கு மேல் பிடித்தாள். "கண்ணை மூடிக்கோ" என்று சொல்லிவிட்டுப் பிழிந்தாள். பழுப்புப் புகை மாதிரி அழுக்கு இறங்கியது. கண்ணாடி போல் இருந்த தண்ணீர் கலங்கியது. வெந்நீரம்மா மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் பிழியுங்கக்கா" என்றாள் மெல்ல.

அன்று முதல் பெரியவள் மெஷினை மூடியதும் சாயங்காலம் இங்கே வந்துவிடுவாள். இரண்டு சொம்பு வெளியே, இரண்டு சொம்பு உள்ளே. இவள் கை தொட்டிப் பக்கம் போய்ப் போய் வந்தது. பார்த்துக்கொண்டே இருந்த பெரியவள் ஒருநாள் ஒரு பை நிறையச் சட்டைகளைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். "கை சும்மா இருந்தாத்தானே கழுவும்? இந்தா, பொத்தான் தை." ஆஸ்பத்திரிக் கை அல்லவா, பொத்தான்கள் அசையாமல் நின்றன. பேச்சும் வளர்ந்தது. இரண்டு வருஷத்துப் பாக்கிப் பேச்சு.

முதலாளி முதலில் மேல்மட்டத்தை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கியது. பிறகு செவுள் நிறம் தெளிந்தது. ஒரு சாயங்காலம் பெரியவள் தண்ணீரில் ஒரே ஒரு உருண்டை தீனியைப் போட்டாள். முதலாளி பார்த்தது. போகிற போக்கில் லபக்கென்று விழுங்கிவிட்டு, கண்ணாடியருகே வந்து இன்னும் எங்கே என்று வாயைத் திறந்தது. வெந்நீரம்மா தைத்துக்கொண்டிருந்த சட்டையோடு எழுந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள்; ஊசி இருவரையும் குத்தியது.

டிரைவர் வந்து சேர்ந்த அன்று வாசலில் அண்ணியின் செருப்பைப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தால், தரையெல்லாம் நூல் துணுக்கு. நடுவில் அவர் பெண்டாட்டியும் அண்ணியும் தோள் உரச உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்ன ஆச்சு? யாருக்கு என்ன ஆச்சு? அண்ணன் எங்கே?"

"அண்ணனுக்கு ஒண்ணுமில்ல" என்றாள் அவள். சட்டையைக் கீழே வைத்தாள். "கணக்குப்பிள்ளை போயிடுச்சுங்க. நான்தான் கழுவிக் கழுவிக் கொன்னுட்டேன். முதலாளி சாப்பிட்டாருன்னு சொன்னதும் பொய்."

அவர் பையைத் தோளிலிருந்து இறக்கினார். தொட்டிக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முதலாளி வந்து கண்ணாடியில் வாயை வைத்து அதட்டியது. அவர் விரலை ஓட்டினார். அதன் பின்னாலேயே அது போனது.

"தண்ணி ஏன் இப்படிக் கலங்கலாக் கெடக்கு? நீ இருக்குற வீட்டுலயா?" சட்டைக் கையை மடித்துக்கொண்டே எழுந்தார். "சரி, நகரு. நான் கழுவித் தர்றேன்."

"தொடாதீங்க!" பெண்கள் இருவரும் போட்ட சத்தத்தில் அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஆளு தனியா இருக்காரே. துணைக்கு ஒண்ணு வாங்கி விடலாமா?" என்று பெண்டாட்டியிடம் மெல்லக் கேட்டார்.

"எனக்குத் தெரியாது. அக்கா எப்ப சொல்றாங்களோ அப்பதான்."

அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தொட்டியை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள்.